கிதாபு ஓரத்தில் இருக்கிற வடிவமைப்புப் பாடம்

கல்முனைக்குடியில இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் மதில்களில் ஒட்டியிருக்கிற போஸ்டர்களைப் பாருங்க. ஒரு விரல் வைக்க இடமில்லை. எல்லா வரியும் தடித்த எழுத்து, எல்லாத்துக்கும் நிழல். நிகழ்வு எங்க, எப்ப என்று தேடிப் பிடிக்க வேணும். பக்க வடிவமைப்பு கம்பியூட்டரோட வந்த புதுப் பாடம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நம்மட மூத்தவர்கள் ஓதின அரபுத் தமிழ்க் கிதாபுகளில் அது ஏற்கனவே இருந்தது.

அரபுத் தமிழ் என்பது தமிழை அரபு எழுத்தில் எழுதுவது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் பழைய எழுத்துகளுக்குப் புள்ளி கூட்டினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) மார்க்கச் சட்டங்களை இந்த எழுத்தில் எழுதினார்.

அரபு எழுத்து சொல்லில் நிற்கும் இடத்துக்கேற்ப உருமாறும். ஈய எழுத்தில் கோர்ப்பது பெரும் பாடு. 1796இல் ஜேர்மனியில் அலோய்ஸ் செனெபெல்டர் கண்டுபிடித்த கல்லச்சு இதற்கு வழி திறந்தது. கையால் எழுதிய பக்கம் கல்லில் ஏறி அப்படியே அச்சாகும். ஆகவே எழுதினவரே பக்கத்தையும் அமைத்தார்.

உயிர்க்குறிகள் மேலும் கீழும் வருவதால் வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விட்டார்கள். மூலத்தை நடுவில் பெரிதாகவும், விளக்கத்தை ஓரத்தில் சிறிதாகவும் வைத்தார்கள். எதை முதலில் வாசிப்பது என்று கண்ணுக்கே தெரியும். பக்கத்தின் அடியில் அடுத்த பக்கத்தின் முதற்சொல்லை எழுதினார்கள். ஓதுபவர் தடுமாறமாட்டார், கட்டுபவருக்குத் தாள் மாறாது. இன்று டிசைன் வகுப்பில் படிநிலை, வரி இடைவெளி, ஓரம் என்று சொல்லித் தருவதும் இதைத்தான்.

1882இல் சித்திலெவ்வை கண்டியில் 'முஸ்லிம் நேச'னைத் தொடங்கினார். 1969இல் எம்.ஏ. நுஃமான் கல்முனையில் 'கவிஞன்' இதழைக் கொண்டுவந்தார். அது ஈய எழுத்துக் காலம். தமிழிலும் 'கி'க்கு மேலே வளைவு, 'கூ'வுக்குக் கீழே சுழி. அச்சுக் கோர்ப்பவர்கள் வரிகளுக்கிடையே ஈயத் தகடு செருகி இடம் விட்டார்கள். இப்ப நாம வரிகளை நெருக்கி அவற்றை முட்டவிடுகிறோம்.

கிழிந்த கிதாபை மரியாதையாகப் புதைப்பதும் கடலில் விடுவதும் நம்மட வழக்கம். 2004 சுனாமி கரையோர வீடுகளை, உள்ளே இருந்த கடதாசிகளோடு அள்ளிப் போனது. மிஞ்சியது கொஞ்சம்தான். வீட்டில் ஒன்று இருந்தால், வாசிக்கத் தெரியாவிட்டாலும் பக்கம் பக்கமாகப் படம் எடுங்க. எடுக்கும்போது ஓரத்தை வெட்டிடாதீங்க.