பலூன், திருகாணி, எக்மோ!

2016 டிசம்பர் 4-ம் தேதி இரவு தமிழ்நாட்டு டீக்கடைகளுக்கு ஒரு புதுச் சொல் வந்து சேர்ந்தது. 'எக்மோ'! முதல்வர் ஜெயலலிதாவின் இதயத்துடிப்பு நின்று, அந்த மெஷினைப் பொருத்தியிருப்பதாகச் செய்தி. மறுநாள் இரவு அவர் காலமானார். அன்றிலிருந்து எக்மோ என்றாலே 'அவ்ளோதான்... முடிஞ்சது' என்று பலரும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். பாவம், மெஷின்! அதன் கதையைக் கொஞ்சம் பார்ப்போமா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு ரிப்பேர் பார்ப்பவருக்கு இது சுலபமாகப் புரியும். பெரிய மாரடைப்பில் இதயத் தசையின் பெரும்பகுதி செயலிழக்கிறது. பம்பு சுற்றுகிறது, தண்ணீர் ஏறவில்லை. கிட்னி, மூளை எல்லாம் காய ஆரம்பிக்கின்றன. இதுதான் 'கார்டியோஜெனிக் ஷாக்'. தசை தேறும்வரை நாலைந்து நாள் வேறொரு பம்பு வைத்து ஓட்ட முடியுமா?

முதலில் வந்தது பலூன். 1967-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் என்ற டாக்டர், சாகக் கிடந்த 45 வயதுப் பெண்ணின் தொடை வழியாக மகாதமனிக்குள் ஒரு பலூனைச் செருகினார். இதயம் ஓய்வெடுக்கும்போது பலூன் உப்பும், துடிக்கும்போது சுருங்கும். அந்தப் பெண் பிழைத்தார். உலகமே பலூனைப் பிடித்துக்கொண்டது. 45 வருஷம் கழித்து, 2012-ல்தான் ஜெர்மனியில் ஹோல்கர் தீலே குழுவினர் 600 பேரை வைத்து ஒழுங்காகக் கணக்குப் பார்த்தார்கள். ஒரு மாதத்தில் இறந்தவர்கள், பலூன் வைத்தவர்களில் 39.7 சதவீதம், வைக்காதவர்களில் 41.3. கிட்டத்தட்ட ஒன்றுதான்!

எக்மோ வேறு வம்சம். மொகப்பேரில் மருத்துவமனை தொடங்கிய டாக்டர் கே.எம்.செரியன், 1975-ல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் இந்தியாவின் முதல் பைபாஸ் ஆபரேஷனைச் செய்தவர். அந்த மாதிரி ஆபரேஷன்களில் சில மணி நேரம் இதயத்துக்குப் பதிலாக வேலை பார்க்கும் மெஷின் உண்டு. அதை நாள்கணக்கில் ஓடவிட்டால் எக்மோ. தொடைச் சிரையிலிருந்து ரத்தத்தை உறிஞ்சி, ஆக்ஸிஜன் ஏற்றி, தொடைத் தமனிக்குள் தள்ளும்.

இங்கேதான் சிக்கல். தொடையிலிருந்து மேலே ஏறும் ரத்தம், இதயம் கீழே தள்ளும் ரத்தத்தோடு நேருக்கு நேர் முட்டுகிறது. ஏற்கெனவே நொந்த இதயத்துக்குக் கூடுதல் பாரம். வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்கும் ரத்தம் உறைந்து கட்டியாகலாம். உறையாமலிருக்க ஹெபாரின் கொடுத்தால், மூளையிலோ வயிற்றிலோ கசியலாம். தொடைத் தமனியைக் குழாய் அடைத்துக்கொள்வதால் அந்தக் காலுக்கு ரத்தம் போகாது. காலுக்கென்றே தனியாக ஒரு சின்னக் குழாய் வைக்க வேண்டும். அதே தீலே, 2023-ல் எக்மோவையும் தராசில் வைத்தார். ஒரு மாத இறப்பில் மாற்றமில்லை. பெரிய ரத்தக்கசிவு மட்டும் 9.6 சதவீதத்திலிருந்து 23.4 ஆகியிருந்தது.

மூன்றாவது கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1976-ல் ரிச்சர்ட் வாம்ப்ளர் என்ற அமெரிக்க டாக்டர் எகிப்து கிராமம் ஒன்றில் ஆர்க்கிமிடீஸ் திருகாணியால் தண்ணீர் இறைப்பதைப் பார்த்தார். நம்மூர் ஏற்றம் போல அங்கே அது. 'இதையே ரத்தக் குழாய்க்குள் விட்டால்?' என்று யோசித்தார். 'அந்த வேகத்தில் சிவப்பணுக்கள் சட்னியாகிவிடும்' என்றார்கள். 1988-ல் டெக்ஸாஸில் ஒரு நோயாளிக்கு வைத்தார்கள், வேலை செய்தது. அதன் வாரிசு இன்றைய 'இம்பெல்லா'. 2024-ல் டென்மார்க் டாக்டர்கள் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்தில் இறப்பு 58.5 சதவீதத்திலிருந்து 45.8 ஆகக் குறைந்தது. விலையும் உண்டு. ரத்தக்கசிவும் டயாலிசிஸும் கணிசமாக அதிகம். அதோடு, அது கோமா நிலையில் இல்லாத, ஒருவகைப் பெரிய மாரடைப்புக்காரர்களிடம் மட்டும் பார்த்த கணக்கு. எல்லோருக்கும் பொருந்தாது.

ஐ.சி.யூ. வாசலில் 'மெஷின் வைக்கலாமா?' என்று டாக்டர் கேட்கும்போது, வீட்டை அடகு வைக்கத் தயாராகும் மகனுக்கு இந்த எண்களையும் யாராவது சொன்னால் நல்லது.

எக்மோவில் இருப்பவருக்கு ஆக்ஸிஜன் அளவை ஏன் வலது கையில் பார்க்கிறார்கள் தெரியுமா? இதயம் மெல்லத் தேறி, நுரையீரல் இன்னும் தேறாமலிருந்தால், அது தள்ளும் கெட்ட ரத்தம் முதலில் போவது தலைக்கும் வலது கைக்கும். மெஷின் தரும் நல்ல ரத்தம் கீழ்ப்பாதியோடு நின்றுவிடும். கால்கள் ரோஜா நிறத்தில் இருக்க, முகம் நீலம் பாரிக்கும். இடது காலில் பார்த்தால், எல்லாம் பிரமாதம் என்றே காட்டும்!