தீட்டிய அரிசியும் தீராத வழக்கும்

நோய் வந்தவனைப் பார்த்து, "வாயைக் கட்டத் தெரியாதவன்" என்று சொல்வது பழைய வழக்கு. "கேடான உணவைச் செய்து, கண்ணைப் பறிக்கும்படி கடையில் அடுக்கியவன்மேல் குற்றம் இல்லையா?" என்று கேட்பது புதிய வழக்கு. முதல் கட்சியார் தனி மனிதனின் பொறுப்பைப் பேசுகின்றனர். இரண்டாம் கட்சியார் தொழிலதிபரின் குற்றத்தைப் பேசுகின்றனர். இன்று இனிப்புப் பானத்தையும் நீரிழிவையும் வைத்து நடக்கும் இவ்வழக்கு, நூறாண்டுக்கு முன்பே மலாயாவில் அரிசியை வைத்து நடந்தது. அதில் தமிழ்த் தொழிலாளர்களும் தம்மை அறியாமலே சாட்சிகளாக நின்றனர். அவ்வரலாற்றை அறிந்தவர் பழியை ஒரே தலையில் ஏற்றத் தயங்குவர்.

வெண்மையின் விலை

உரலிலும் உலக்கையிலும் குத்திய அரிசியில் தவிட்டின் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் நிறம் மங்கல். நெடுநாள் வைத்தால் தவிட்டிலுள்ள எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாங்காக், சைகோன், இரங்கூன் ஆகிய துறைமுகங்களில் நீராவி ஆலைகள் பெருகின. அவை தவிட்டை முற்றிலும் நீக்கி, அரிசியை முத்துப்போல் வெளுக்கத் தீட்டின. அத்தகைய அரிசி கப்பலிலும் கிடங்கிலும் மாதக்கணக்கில் கெடாமல் இருந்தது. வணிகனுக்கு அது வசதி, உண்பவனுக்கோ பெருமை. முன்பு செல்வர் வீட்டில் மட்டும் காணப்பட்ட வெண்சோறு கூலிக்காரனின் தட்டிலும் விழுந்தது.

மலாய் நாட்டின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் இவ்வரிசியையே உண்டனர். அவர்கள் அதைக் கடை கடையாய்ப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். சுரங்க முதலாளி முன்பணமாகத் தரும் பண்டங்களுள் அரிசியும் ஒன்று. அதன் விலை பின்னர் கூலியில் கழிக்கப்படும். அவர்களிடையே ஒரு நோய் பரவியது. முதலில் கால் மரத்துப்போகும். பின்பு நடை தள்ளாடும். சிலருக்கு உடல் வீங்கும். முடிவில் நெஞ்சு திணறி உயிர் போகும். அந்நோயே பெரிபெரி.

குற்றவாளியைத் தேடிய கதை

மருத்துவர்கள் முதலில் கிருமியை ஐயுற்றனர். ஈர நிலத்தை ஐயுற்றனர். நெரிசலான குடியிருப்பை ஐயுற்றனர். உணவை ஐயுற்றவர் சிலரே. அவர்களுள் ஒருவர் சப்பானியக் கடற்படை மருத்துவர் தக்காக்கி கனேஹிரோ. 1882-83-இல் நெடும்பயணம் சென்ற 'ரியூஜோ' என்ற போர்க்கப்பலில் 376 பேருள் 169 பேர் பெரிபெரியால் வீழ்ந்தனர். 25 பேர் மாண்டனர். 1884-இல் வேறொரு கப்பலை அதே வழியில் அனுப்பி, உணவை மட்டும் மாற்றச் செய்தார் தக்காக்கி. அக்கப்பலில் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை.

பத்தேவியாவில் டச்சு மருத்துவர் கிறிஸ்தியான் எய்க்மன் கோழிகளை வைத்து ஆராய்ந்தார். 1889-இல் அவருடைய கோழிகள் திடீரெனக் கால் தளர்ந்து விழுந்தன. அவற்றுக்கு இராணுவ மருத்துவமனையின் மிச்சச் சோறு போடப்பட்டு வந்தது. புதிதாக வந்த சமையற்காரர், 'படைவீரர்க்கு உரிய அரிசியைப் பொதுக் கோழிகளுக்குத் தர இயலாது' என்று மறுத்துவிட்டார். கோழிகளுக்குத் தீட்டாத அரிசி கிடைத்தது, நோய் நீங்கியது! ஒரு சமையற்காரரின் கண்டிப்பு மருத்துவ வரலாற்றைத் திருப்பிவிட்டது எனலாம்.

பின்னர் அடோல்ஃப் வோர்டர்மன் சாவகத் தீவின் சிறைகளில் 1895 முதல் 1897 வரை கணக்கெடுத்தார். வெள்ளையரிசி உண்ட கைதிகளுள் 39 பேருக்கு ஒருவர் பெரிபெரியால் வருந்தினர். தீட்டாத அரிசி உண்டவர்களுள் ஏறத்தாழ 10,000 பேருக்கு ஒருவரே வருந்தினர். எய்க்மன் அரிசியில் நஞ்சு இருப்பதாக முதலில் எண்ணினார். 1901-இல் கெரிட் கிரைன்ஸ் உண்மையை நெருங்கினார்: அரிசியில் ஒன்று கூடியதால் அன்று, அதிலிருந்து ஒன்று நீங்கியதால் நோய் வருகிறது என்றார்.

கோலாலம்பூர் தந்த சான்று

நெகிரி செம்பிலானின் அரசு மருத்துவராய் இருந்த பிராடன் மூன்று இனத்தாரின் உணவை ஒப்பிட்டார். மூவரும் அரிசி உண்பவரே. சீனத் தொழிலாளர் ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டனர்; அவர்களிடையே நோய் மிகுதி. மலாய்க் குடியானவர் வீட்டில் அவ்வப்போது குத்திய புத்தரிசியை உண்டனர், நோய் அரிது. தமிழ்த் தொழிலாளர் புழுங்கலரிசியை உண்டனர். அவர்களிடையேயும் நோய் அரிது. நாள்பட்ட அரிசியில் நஞ்சு ஊறுகிறது என்று அவர் காரணம் கற்பித்தது பிழை. எனினும் நோய் அரிசியோடு பிணைந்தது என்ற அவர் முடிவு பிழையன்று.

1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் அதைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்ணினர்க்குத் தீட்டிய சயாம் அரிசி. இரட்டைப்படை எண்ணினர்க்கு இந்தியப் புழுங்கலரிசி. இடத்தின் குற்றமோ என்ற ஐயம் எழாதிருக்க, இடையில் இரு சாராரின் விடுதிகளையும் மாற்றினார். ஆண்டு முடிவில் வெள்ளையரிசி உண்டவருள் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தனர். புழுங்கலரிசி உண்டவருள் ஒருவரும் இறக்கவில்லை.

அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலானில் டுரியான் திப்புஸ் என்னும் காட்டுப்பகுதியில் சாலை போட வந்த 300 சாவகத் தொழிலாளரை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். நோய் வெள்ளையரிசியைப் பின்தொடர்ந்தது. அரிசியை மாற்றியபோது நோயும் மாறிற்று. 1909-இல் அவர்களுடைய அறிக்கை வெளிவந்தது. தீட்டும்போது நீங்கும் பகுதியிலேயே உயிர் காக்கும் பொருள் இருக்கிறது என்பதை அவர்களுடைய தொடர் ஆய்வுகள் உறுதிப்படுத்தின. அப்பொருள் 1926-இல் சாவகத்தில் ஜான்சன், டோனாத் என்ற இருவரால் பிரித்தெடுக்கப்பட்டது. அதுவே இன்று தயமின் அல்லது பி1 உயிர்ச்சத்து எனப்படுகிறது.

தமிழர் தப்பியது அறிவாலா?

இவ்விடத்தில் தமிழ் நெஞ்சம் சற்றே நிமிரக் கூடும். தமிழரின் புழுங்கலரிசி உயிர் காத்தது உண்மை. நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது, மேலுறையிலும் தவிட்டிலும் உள்ள உயிர்ச்சத்து நீரோடு கலந்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. பின்பு உலர்த்தித் தீட்டினாலும் அதில் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. ஆயினும் இதை அறிந்து புழுக்கியவர் எவரும் இலர். தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம் அது. தோட்டத் தொழிலாளரும் தம் பழக்கத்திற்கு ஏற்ற அரிசி கிடைத்ததால் அதை உண்டனர். மருத்துவ நூல் கற்று உண்டனர் அல்லர்.

சென்னை மாகாணத்திலேயே இதற்குச் சான்று உண்டு. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் பெரிபெரி அரிதாய் இருக்க, ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வடகோடித் தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில் அந்நோய் நிலைத்திருந்ததைக் குன்னூர் ஆய்வுக்கூடத்தார் எடுத்துக்காட்டினர். ஒரே மாகாணம், ஒரே ஆட்சி, அடுப்புப் பழக்கம் மட்டும் வேறு.

ஆகவே தமிழன் தப்பியது அவனுடைய ஒழுக்கத்தின் பரிசு அன்று. சீனத் தொழிலாளி மாண்டது அவனுடைய ஒழுக்கக்கேட்டின் தண்டனையும் அன்று. தட்டில் விழுந்த அரிசியே இருவருடைய விதியையும் எழுதியது. உண்பவன்மேல் பழி சுமத்துவோர் முதலில் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி இது.

அறிந்த பின்னும்

ஆலைக்காரனைக் குற்றவாளி என்பதா? தொடக்கத்தில் அவனும் அறியாதவனே. வெண்மையை மக்கள் விரும்பினர். அவன் வெளுத்துக் கொடுத்தான். ஆனால் 1910-இல் மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய வெள்ளையரிசியையே தொடர்ந்து உண்பதோடு பெரிபெரி தொடர்புடையது என்று வெளிப்படையாகத் தீர்மானித்தது. அதன்பின் 'அறியேன்' என்று சொல்ல அரசுக்கும் வழியில்லை, ஆலைக்கும் வழியில்லை.

பிலிப்பைன்சின் சுகாதாரத் தலைவராயிருந்த விக்டர் ஹைசர், அரசு நிலையங்களில் தீட்டாத அரிசி வழங்க வழிசெய்தார். தீட்டிய அரிசிக்கு வரி விதித்தால் மக்கள் தீட்டாததை நாடுவர் என்றும் முயன்றார். அவ்வரி சட்டமாகவில்லை. 1948-இல் பத்தான் மாநிலத்தில் உயிர்ச்சத்துச் சேர்த்த அரிசியை வழங்கியபோது பெரிபெரிச் சாவுகள் பெரிதும் குறைந்தன. 1952-இல் அதற்கெனச் சட்டமும் பிறந்தது. எனினும் ஆலைக்காரர் பலர் ஒத்துழைக்காமையால் அது நாடெங்கும் வேரூன்றவில்லை.

உண்பவர் பக்கமும் பிழை இல்லாமற் போகவில்லை. சப்பானியக் கடற்படை பார்லி கலந்த சோற்றுக்கு மாறிய பின்னும், தரைப்படைத் தலைவர்கள் வெண்சோற்றை விடவில்லை. வீரர்க்கும் வெண்சோறே மதிப்பாகத் தோன்றியது. 1904-05-இல் உருசியாவோடு நடந்த போரில் ஏறத்தாழ 27,000 சப்பானிய வீரர்கள் பெரிபெரிக்குப் பலியாயினர். பகைவன் கையில் துப்பாக்கி இருந்தது. தம் கையில் வெண்சோறு இருந்தது.

பால் டின்னில் வந்த வழக்கு

அரிசியில் ஆலைக்காரன் கேட்டதைக் கொடுத்தான். அடுத்த வழக்கில் வணிகன் கேட்காததையும் கேட்க வைத்தான். 1936-இல் மலாயாவுக்கு வந்த குழந்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், சிங்கப்பூரில் குழந்தைகள் மெலிந்து சாவதைக் கண்டார். தாய்ப்பாலுக்கு ஈடென்று இனிப்புக் கெட்டிப்பால் டின்கள் விற்கப்பட்டன. தாதியர் உடையணிந்த பெண்களே அதைப் பரப்பினர். சர்க்கரை மிகுந்து சத்துக் குறைந்த அப்பாலை நம்பிப் பல தாய்மார் தம் பாலை நிறுத்தினர். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரிக் கழகத்தில் 'பாலும் கொலையும்' என்ற பொருளில் அவர் ஆற்றிய உரை, பொய்ப் பரப்புரையால் நேரும் குழந்தைச் சாவைக் கொலைக்கு ஒப்பாகவே கருதியது.

அத்தாயைப் 'பொறுப்பற்றவள்' என்பார் உண்டோ? அவள் தேர்ந்தெடுத்தாள் என்பது உண்மை; ஆனால் பொய்யை மெய்யென நம்பித் தேர்ந்தெடுத்தாள். உரையாற்றி நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1981-இல்தான் தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனைக்கு உலகச் சுகாதாரப் பேரவை நெறிமுறை வகுத்தது. 118 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்கா ஒன்றே எதிர்த்து வாக்களித்தது.

இன்றைய வெண்மை

பெரிபெரி இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அரிதாகிவிட்டது. அதன் இடத்தில் நீரிழிவு அமர்ந்திருக்கிறது. மலேசியாவில் வயதுவந்தோருள் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு உண்டென 2023-ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு காட்டியது. 2019 சூலை முதல் நாளன்று, நூறு மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை கொண்ட பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி வந்தது. பின்னர் அது உயர்த்தப்பட்டது. சிங்கப்பூரில் 2022 திசம்பர் 30 முதல், அடைக்கப்பட்ட பானங்கள் 'ஏ' முதல் 'டி' வரை தரம் பிரிக்கப்பட்டன. 'டி' தரத்திற்கு விளம்பரத் தடையும் வந்தது. ஹைசர் அரிசியில் முயன்று தோற்றதை இந்நாடுகள் சர்க்கரையில் செய்து பார்க்கின்றன.

'குடிப்பவன் அறிந்தே குடிக்கிறான். அரசு ஏன் குறுக்கிடவேண்டும்?' என்பார்க்கு அரிசியின் வரலாறு விடை சொல்லும். பொறுப்பு இரண்டு கால்களில் நிற்பது: ஒன்று அறிவு, மற்றொன்று தெரிந்தெடுக்கும் வாய்ப்பு. சுரங்கத் தொழிலாளிக்கு இரண்டும் இல்லை. எனவே அவன்மேல் பழியும் இல்லை. மாநாடு தீர்மானித்த பின் ஆலைக்காரனுக்கு இரண்டும் இருந்தன. எனவே அவன் பழியிலிருந்து தப்ப இயலாது. தரக்குறியைக் கண்டும், பக்கத்திலேயே நீர் இருந்தும், நாள்தோறும் இனிப்பையே நாடுகிறவனுக்கும் இரண்டும் உண்டு. அவனும் தன் பங்கைப் பிறர் தலையில் கட்டக் கூடாது. ஆனால் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கையில் சில்லறையோடு நிற்கும் பிள்ளைக்கு, அங்கே வைத்திருப்பதே தெரிவு. அதை வைப்பவர் பெரியவர், பொறுப்பும் பெரியவர்க்கே.

திருக்குறளில் அளவறிந்து உண்ணுமாறு உண்பவனுக்கு அறிவுரை கூறும் 'மருந்து' அதிகாரம் அறத்துப்பாலில் இல்லை. அரசும் அமைச்சும் நாடும் பேசப்படும் பொருட்பாலில் இருக்கிறது. அவ்வதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என நான்கு கூறாக்கினார். நோய் தீர்ப்பதற்கு நால்வகை உறுப்பு வேண்டுமாயின், நோய் உண்டாவதற்கு மட்டும் ஒருவனைக் காரணமாக்குவது எங்ஙனம் பொருந்தும்? உண்பவன், ஊட்டுபவன், விற்பவன், ஆள்பவன் ஆகிய நால்வரும் அதில் பங்குடையர். அவரவர் அறிவும் ஆற்றலும் எவ்வளவோ, அவ்வளவே அவரவர் பங்கு. கோலாலம்பூரில் வெண்சோறு உண்டு மாண்ட அந்த 18 பேருடைய பெயர்கள் வரலாற்றில் நிலைக்கவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற பாடமாவது நிலைக்கட்டும்.