கீழ்வாயிலக்கமும் சிறார் கணக்குக் கல்வியும்

தொடக்கப் பள்ளியிற் பயிலும் சிறார் கணக்குப் பாடத்துள் பெரிதும் இடர்ப்படும் பகுதி பின்னம் பற்றிய சொற்கணக்கு ஆகும். கூட்டல், கழித்தல் முதலியவற்றைப் பிழையின்றிச் செய்யும் மாணவனும் 'மீதியில் நான்கில் ஒரு பங்கு' என்னும் தொடரைக் கண்டவுடன் மயங்குகின்றான். இம்மயக்கம் பெரும்பாலும் சொல்லால் வருவது. ஆதலின் இதனைக் கணக்காசிரியர்க்கே உரிய பொருள் என ஒதுக்குதல் பொருந்தாது. மொழியாராய்ச்சியாளரும் இதனை நோக்குதல் வேண்டும். தமிழர் பின்னங்கட்கு எவ்வாறு பெயரிட்டனர், அப்பெயர்களின் புணர்ச்சியை இலக்கண நூலார் எவ்வாறு கண்டனர், சிறார்க்கு அவை எவ்வாறு பயிற்றப்பட்டன, அம்முறை எவ்வாறு வழக்கொழிந்தது என்பவற்றை முதற்கண் ஆராய்வோம். பின்னர், இன்று ஒரு சிறுவனை அருகிருத்திக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார்க்கு அவ்வாராய்ச்சி எவ்வகையில் துணையாகும் என்பதைக் காண்போம்.

1. கீழ்வாயிலக்கத்தின் அமைப்பு

ஒன்று முதலாக மேற்செல்லும் எண்களை மேல்வாயிலக்கம் என்றும், ஒன்றிற் குறைந்த எண்களைக் கீழ்வாயிலக்கம் என்றும் பண்டைக் கணக்கர் வழங்கினர். கீழ்வாயிலக்கத்துள் அடிப்படையாக நிற்பது முந்திரி. அஃது ஒன்றில் 1/320 ஆகும். அதன் மேல் அரைக்காணி 1/160, காணி 1/80, அரைமா 1/40, முக்காணி 3/80, மா 1/20, மாகாணி 1/16, இருமா 1/10, அரைக்கால் 1/8, மும்மா 3/20, நாலுமா 1/5, கால் 1/4, அரை 1/2, முக்கால் 3/4 என எண்கள் ஏறிச் செல்லும். மாகாணிக்கு வீசம் என்பது மற்றொரு பெயர். முந்திரியினும் சிறியதைக் குறிக்க வேண்டுமிடத்துக் 'கீழ்' என்னும் சொல்லை முன் வைத்து, முந்திரியையே ஒன்றாகக் கொண்டு அதனை மீண்டும் முந்நூற்றிருபது கூறு செய்தனர். எனவே கீழ்முந்திரி 1/1,02,400 ஆகும்.

இவ்வரிசையை ஊன்றி நோக்கின் அதனுள் இரு நெறிகள் பின்னிக் கிடத்தலைக் காணலாம். அரை, கால், அரைக்கால், வீசம் என்பன பாதி பாதியாகக் குறைந்து செல்லும் நெறி. நாலுமா, இருமா, மா என்பன இருபதின் கூறாகச் செல்லும் நெறி. ஒரு வேலி நிலம் இருபது மாவாதலின், பின்னைய நெறி நிலவளவையோடு இயைந்தது என்பது வெளிப்படை. பதினாறும் இருபதும் ஒருங்கே அடங்கும் சிற்றெண் எண்பது. அதன் ஒரு கூறே காணி. ஆகவே இவ்விரு நெறிகளையும் பிணைக்கும் கணுவாகக் காணி நிற்கின்றது. மாவும் காணியும் கூடியவிடத்து 4/80, 1/80 இரண்டும் சேர்ந்து 5/80, அஃதாவது 1/16 ஆதலின், மாகாணி என்னும் பெயரே ஒரு கூட்டற் கணக்கின் விடையாக அமைந்துள்ளது. இன்று பகுதி வேறுபட்ட பின்னங்களைக் கூட்டுதற்கு மாணவன் பொது மடங்கு காண்கின்றான். அப்பொது மடங்கைப் பண்டையோர் பெயர்களுக்குள்ளேயே வைத்துவிட்டனர்.

2. இலக்கண நூலார் கண்ட நெறி

பின்னப் பெயர்கள் ஒன்றோடொன்று புணரும் முறையைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துத் தொகைமரபிற் கூறுகின்றார். ஓர் அளவுப் பெயரோ நிறைப் பெயரோ எண்ணுப் பெயரோ நிலைமொழியாக நிற்க, அதனிற் குறைந்த அளவு வருமொழியாக வருமிடத்து, இடையே ஏகாரச் சாரியை தோன்றும் என்பது அவர் வகுத்த விதி. நாழியே ஆழாக்கு, ஒன்றே கால், காணியே முந்திரிகை என்பன போல்வன உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுகள். அரை என்னும் சொல் வருமிடத்து அவ்வேகாரம் தோன்றாது என்பதையும் அடுத்து விலக்கினார். ஆதலின் ஒன்றே கால், ஒன்றே முக்கால் எனக் கூறும் நாம் 'ஒன்றே அரை' என்னாது ஒன்றரை என்கின்றோம். இவ்விதி இன்றைய பேச்சு வழக்கிலும் வழுவாது வாழ்தல் வியத்தற்குரியது.

ஈண்டு நாம் கருதவேண்டுவது இவ்வேகாரத்தின் பொருளாற்றல். ஏகாரம் இடை நின்றால் இரு பின்னங்களும் கூடும். காலே அரைக்கால் என்பது 1/4, 1/8 இரண்டும் சேர்ந்த 3/8 ஆகும். ஏகாரமின்றிப் பெரும் பின்னம் சிறு பின்னத்திற்கு அடையாக முன் நின்றால் கூறாக்கம் நிகழும். அரைக்கால் என்பது காலிற் பாதியாகிய 1/8 ஆகும். அரைமா, அரைக்காணி என்பனவும் அன்ன. இனி 'இல்' உருபு நின்றால் கூறாக்கம் விரிந்து தோன்றும். 'ஒன்றே காலில் அரை' என்னுமிடத்து ஏகாரம் கூட்டலையும், இல்லுருபு பெருக்கலையும் உணர்த்துகின்றன. மாகாணியும் ஒன்றரையும் சாரியையின்றியே கூட்டற்பொருள் தருவன. அவை தனியே அறியத்தக்கன. இவை நீங்கலாக, கூட்டலும் பெருக்கலும் வேறுபட்ட சொல்லமைப்புப் பெற்றமை தெளிவு. சொற்கணக்கில் மாணவர் பெரிதும் தவறுவது இவ்விரண்டனையும் ஒன்றாகக் கொள்ளுமிடத்தேயாம்.

இலக்கியப் புலவரும் இவ்வெண்களைக் கற்றார் அனைவரும் அறிந்தனவாகக் கொண்டே பாடினர். கீழ்மகன் தன் செல்வம் முந்திரிக்கு மேல் ஒரு காணி மிகுந்தால் தன்னை இந்திரனாகக் கருதிக்கொள்வான் என்னும் கருத்து நாலடியாரில் வருகின்றது. முந்திரி 1/320 என்றும் காணி அதனின் நான்மடங்கு என்றும் அறியாதார்க்கு அப்பாட்டின் எள்ளற்சுவை புலனாகாது. இரண்டும் கூடியவழியும் 1/64 என்னும் அளவைத் தாண்டாமையே ஆண்டுள்ள நகை.

3. கல்வெட்டுச் சான்று

இவ்வெண்கள் ஏட்டளவில் நின்றன அல்ல. முதல் இராசராசன் (985–1014) தஞ்சைப் பெருங்கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலக்கணக்கு அக்கோயிற் கல்வெட்டுகளிற் பொறிக்கப்பட்டுள்ளது. ஊரின் மொத்த நிலம் இவ்வளவு. அதனுள் ஊர்நத்தம், குளம், வாய்க்கால் முதலிய இறையில்லாத நிலம் இவ்வளவு. அவை நீக்கி இறை கட்டின நிலம் இவ்வளவு என அவை அமைகின்றன. வேலியில் தொடங்கி மா, காணி, முந்திரிகை என இறங்கி, 'கீழ்' என்னும் சொல்லைப் பெய்து முந்திரிகையினும் நுண்ணிய கூறுகளையும் அவை குறிக்கின்றன. முந்திரிகைக் கீழ் அரை என்பது 1/640 வேலி. கழித்தற் சொற்கணக்கு ஒன்றின் வடிவத்தை ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட அரசாவணத்தில் நாம் காண்கின்றோம்.

4. எண்சுவடியும் திண்ணைப் பள்ளியும்

இத்தகைய கணக்கைச் செய்தற்குரிய பயிற்சியைச் சிறார்க்கு அளித்தது எண்சுவடி. எண்ணிலக்கம், நெல்லிலக்கம், பெருக்கல் வாய்பாடு, குழிமாற்று எனப் பல பகுதிகளை உடையது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சேறியும் பரவியது. முழுவெண்களுக்கு உள்ளவாறே பின்னங்களுக்கும் அதன்கண் பெருக்கல் வாய்பாடுகள் உள. நெல்லிலக்கமோ அளவைகளைப் பின்னமாகவே காட்டிற்று: நாழியில் அரை உரி, கால் உழக்கு, அரைக்கால் ஆழாக்கு, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரு குறுணி ஒரு கலம். வீட்டில் ஆழாக்கைக் கையால் எடுத்தளந்த சிறுவன் 1/8 என்பதைக் கண்டறிந்த பின்னரே அதன் பெயரைப் பள்ளியிற் கேட்டான்.

எண்சுவடிக்கு மேற்பட்ட பயிற்சிக்கு உரியது காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம். அதனுள் நிலம், நெல், பொன் பற்றியனவும் விளையாட்டாக அமைந்தனவுமாகிய கணக்குகள் பலவுள. பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணும் கணக்கு யாவரும் அறிந்தது. காம்பைச் சுற்றிய முள்ளை எண்ணி ஆறாற் பெருக்கி ஐந்தால் வகுக்க என்பது அதன் விதி. முள் நூறாயின் சுளை நூற்றிருபது. பழத்தை அறுத்து எண்ணினால் விடை ஒத்துவருமா என்பது வேறு வினா. ஒன்றே நாலுமாவாற் பெருக்குதலை ஒரு சிறுவன் விரும்பிச் செய்யுமாறு அமைத்ததே இதன் சிறப்பு எனலாம்.

பள்ளி நடந்த முறைக்கு உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நல்ல சான்று. ஆனந்த விகடனில் 1940 முதல் வெளிவந்து 1950 இல் நூலுருப் பெற்ற அந்நூலில், மாலையில் வீடு திரும்பும் பிள்ளைகட்கு ஆசிரியர் பூ, பறவை முதலியவற்றின் பெயர் ஒவ்வொன்றைச் சொல்லியனுப்ப, அவர்கள் அதனை மறவாது மறுநாள் வந்து கூறும் வழக்கம் குறிக்கப்படுகின்றது. நினைவாற்றலே கல்வியின் முதலாகக் கருதப்பட்டமை இதனாற் பெறப்படும். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குச் சொல்லிக் கொடுத்தான். சென்னையில் இருந்த ஆண்ட்ரூ பெல் நாட்டுப் பள்ளிச் சிறார் மணலில் எழுதக் கண்டு அதனைக் கைக்கொண்டதோடு, மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையை 1797 இல் இலண்டனில் நூலாக வெளியிட்டமை வரலாறு.

5. வழக்கொழிந்தமையும் அதன் காரணங்களும்

தாமசு மன்றோ 1822 இல் தொடங்கிய கல்விக் கணக்கெடுப்பின் முடிவு 1826 இல் வெளிவந்தது. சென்னை மாகாணத்தில் அப்போது 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். அவருள் பெண்கள் 4,540 பேரே. இவ்வெண்கள் திண்ணைப் பள்ளியின் பரப்பை உணர்த்துமாறே அதன் குறையையும் உணர்த்துகின்றன. பெண்மக்களும் ஒடுக்கப்பட்ட குலத்தாரும் பெரும்பாலும் அதன் புறத்தே நின்றனர். நிலத்தை உழுதவன் கீழ்வாயிலக்கம் அறியாதிருக்க, அதனை அறிந்த கணக்கன் அவன் வாரத்தை அளந்தான் என்பதை மறந்து பண்டை முறையைப் புகழ்தல் நடுநிலையாகாது.

1854 ஆம் ஆண்டின் கல்வி அறிக்கையை ஒட்டி அரசின் நிதியுதவி முறை வந்தபின், அரசு வகுத்த பாடமும் அச்சிட்ட கணக்கு நூலும் படிப்படியே பரவின. தொகுதி, பகுதி என இரண்டெண்ணாற் பின்னத்தை எழுதும் முறை நிலைத்தது. எனினும் பதினாறு அணா கொண்ட ரூபாய் உள்ளவரை வீசம் மக்கள் கையில் இருந்தது; ஓரணா என்பது ரூபாயில் ஒரு வீசமே. 1957 ஏப்ரல் முதல் நாளிற் பதின்கூற்று நாணயமும், 1958 முதற் படிப்படியாக மெட்ரிக் அளவைகளும் வந்தபின் அவ்வாதரவும் நீங்கிற்று. பழைய பின்னக் குறியீடுகள் 2019 இல் ஒருங்குறியின் பன்னிரண்டாம் பதிப்பில் இடம்பெற்றன. அவை கணிப்பொறியில் எழுதத்தக்கனவாயின. ஆயின் பள்ளிச் சிறார் அவற்றைப் பயில்வதில்லை.

புதிய முறையின் ஏற்றத்தையும் கூறுதல் கடன். மூன்றில் ஒன்றைக் கீழ்வாயிலக்கத்தால் முற்றக் கூற இயலாது. 320 ஐ மூன்றாக்கினால் முந்திரி 106 போக மீதி நிற்கும். அதனைக் கீழிலக்கத்தாற் கூறு செய்தால் கீழ்முந்திரி 213 போக மீண்டும் மீதி நிற்கும். கலத்தில் மூன்றிலொன்றாகிய தூணியை அளவையால் எளிதிற் கூறிய தமிழர், தனியெண்ணால் அதனைக் கூற இடர்ப்பட்டனர். தொகுதியும் பகுதியும் அமைந்த முறையோ எவ்வகைப் பின்னத்தையும் ஒரு தன்மையாகக் குறிக்கும்.

6. இன்றைய சிறுவனும் சொற்கணக்கும்

எனவே பழையதை மீட்டல் நம் கருத்தன்று. பெயராக நின்ற பின்னம் இரண்டெண்ணாக மாறியவிடத்து மாணவன் இழந்த தெளிவை ஈடு செய்தலே வேண்டுவது. அதற்குரிய இடர்கள் இரண்டு.

முதலாவது, வாசிப்பு முறை. 'ஐந்தில் இரண்டு' எனத் தமிழில் பகுதியை முற்கூறுகின்றோம். எழுதுங்கால் 2/5 எனத் தொகுதியை முன் எழுதுகின்றோம். கேட்ட வரிசையில் எழுதும் சிறுவன் 5/2 என எழுதுவான். அவன் அறிவின்மையால் அவ்வாறு எழுதினான் என்று கடிதல் தகாது. 'இல்' உருபு ஏற்ற எண் கோட்டின் கீழ் நிற்கும் என ஒருமுறை இலக்கண வழியாகக் காட்டினால் தெளிவான்.

இரண்டாவது, கூட்டலும் கூறாக்கமும் மயங்குதல். நாம் அமைத்த கணக்கு ஒன்றைக் கொள்வோம். ஓர் உழவன் விளைந்த நெல்லிற் காற்பங்கை வாரமாக அளந்தான், மீதியில் அரைக்காற் பங்கைக் கூலியாகக் கொடுத்தான், எஞ்சியது 63 கலம், விளைந்தது எவ்வளவு? மாணவர் பலர் 1/4, 1/8 இரண்டையும் கூட்டி 3/8 என்பர். அவ்வழிச் சென்றால் விடை நூறு கலத்தின் மேல் முக்காலே மாவாகி, எஞ்சியதும் பொருந்தாது போகும். கணக்கிற் கூறியது காலே அரைக்கால் அன்று. 'மீதியில் அரைக்கால்' என்பதே.

இங்கே துணை செய்வார் விதியைக் கூறாது, 'எதில் கால்? எதில் அரைக்கால்?' என வினவுதல் வேண்டும். கால் விளைவில் எடுத்தது; அரைக்கால் மீதியில் எடுத்தது. பின்னர் இறுதியிலிருந்து திரும்புக. மீதியில் எட்டிலொரு கூறு போக நின்றவை ஏழு கூறு; அவை 63 கலம்; ஆகவே ஒரு கூறு 9 கலம்; எட்டுக் கூறு 72 கலம். இந்த 72 கலமும் விளைவில் மூன்று காலாகும்; ஆகவே ஒரு கால் 24 கலம்; விளைவு முழுதும் 96 கலம். பின்னத்தைப் பின்னத்தாற் பெருக்காமலே விடை வந்தது காண்க. காலையும் அரைக்காலையும் எண்ணத்தக்க பொருள்களாகக் கொண்டமையே இவ்வெளிமைக்குக் காரணம். இதனைச் செய்து முடித்த சிறுவனுக்கு 3/4 × 7/8 = 21/32 என்னும் வரியைப் பின்னர்க் காட்டினால், அவ்வரி எதனைக் குறிக்கின்றது என்பதை அவனே கூறுவான்.

7. முடிவு

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். தமிழ்ப் பின்னப் பெயர்கள் இரு கூறுநெறிகளைக் காணியால் இணைத்த ஒழுங்குடையன. அவற்றின் புணர்ச்சி விதி கூட்டலையும் கூறாக்கத்தையும் பெரும்பாலும் வேறுபடுத்தி உணர்த்துவது. அவ்வேறுபாடு ஒன்றேகால், காலேயரைக்கால், அரைக்கால் என்னும் சொற்களாக நம் வீடுகளில் இன்றும் வழங்குவதால், சொற்கணக்குப் பயிற்றுவார் அதனைப் புதிதாகத் தேடவேண்டுவதில்லை. அச்சேறாத எண்சுவடி ஏடுகளும் கணக்கதிகாரப் படிகளும் சுவடி நிலையங்களில் உள்ளன. அவற்றின் பாடவேறுபாடுகளை ஒப்புநோக்குதலோடு, எவ்வகைக் கணக்கை எவ்வரிசையிற் சிறார்க்கு வைத்தனர் என்பதையும் முதுகலை மாணவர் ஆராய முற்படுவாராயின், அவ்வாராய்ச்சி தமிழ்த் துறைக்கும் தொடக்கப் பள்ளிக்கும் ஒருங்கே பயன்படும்.