கடைசி வரியில் ஒரு தேதி: ‘வீட்டிலிரு’ ஆணை பிறந்த கதை

2020 மார்ச் 16, திங்கட்கிழமை. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றியிருக்கும் ஆறு கவுன்டிகளின் சுகாதார அதிகாரிகள், ஏறக்குறைய ஒரே வாசகம் கொண்ட ஆணைகளில் அவரவர் கையெழுத்தைப் போட்டார்கள். கவுன்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி. அன்று நள்ளிரவு தாண்டியதும் ஆணை நடப்புக்கு வந்தது. சுமார் 67 லட்சம் பேர் வீட்டிலேயே இருக்க வேண்டும். வெளியே வருவதென்றால் ஆணை ஒப்புக்கொள்ளும் காரணம் ஒன்று வேண்டும். மீறினால் குற்றம். ஏப்ரல் 7 வரை இதுதான் சட்டம்.

அமெரிக்கப் பெருநிலத்தில் கொரோனாவுக்காகப் பிறந்த முதல் ‘வீட்டிலிரு’ ஆணை அது. சான்டா கிளாரா கவுன்டியின் சுகாதார அதிகாரி சாரா கோடி அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர். முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை அதிகாரிகள் தொலைபேசியில் கூடிப் பேச, வழக்கறிஞர்கள் வாசகத்தை எழுதினார்கள். கவர்னரின் கையெழுத்து அதில் இல்லை. எந்தச் சட்டமன்றமும் அதை விவாதிக்கவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்க் குடியேறிய ஃப்ரீமான்ட், சன்னிவேல், சான் ஹோசே எல்லாம் இந்த வளையத்துக்குள்தான் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 144 தடையுத்தரவு வந்தது மார்ச் 24 மாலை. அதற்கு ஒரு வாரம் முன்பே அவர்கள் வீடடைந்துவிட்டார்கள்.

அந்த ஆணையை இன்று எடுத்துப் படித்தால் வேடிக்கையும் வேதனையுமாக இருக்கிறது. மளிகை வாங்கப் போகலாம். மருந்து வாங்கலாம். நாயை நடக்கக் கூட்டிப் போகலாம். ஓடலாம், நடக்கலாம், அடுத்தவரிடமிருந்து ஆறடி தள்ளி. வங்கி, பெட்ரோல் பங்க், சலவை நிலையம், ஹார்டுவேர் கடை திறந்திருக்கலாம். பிளம்பர், எலக்ட்ரீஷியன் வேலைக்கு வரலாம். நடுவே ஒரு வரி: வீடில்லாதவர்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது, ஆனால் தங்க ஓரிடம் தேடிக்கொள்ளும்படி அவர்களை வலியுறுத்துகிறோம். வீட்டிலிரு என்று சொல்லும்போது, வீடு என்ற ஒன்று எல்லோருக்கும் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். எழுதியவர்களுக்கே அது உறுத்தியிருக்கிறது.

இந்த ஆணை திடீரென்று முளைத்ததல்ல. அதற்கு வம்சாவளி உண்டு. ஒரு கிளை நீதிமன்றத்திலிருந்து வருகிறது. இன்னொரு கிளை, நம்பச் சிரமமாக இருக்கும், ஒரு பள்ளி மாணவியின் அறிவியல் கண்காட்சியிலிருந்து வருகிறது.

முதலில் நீதிமன்றக் கிளை. இந்தியாவில் பிரதமர் ஓர் இரவு தொலைக்காட்சியில் தோன்றி நாடு முழுவதையும் அடைத்தார். அமெரிக்க ஜனாதிபதிக்கு அது நடக்கிற காரியமில்லை. மக்களின் உடல்நலம் காக்கும் அதிகாரம் அங்கே மாநிலங்களுக்கு உரியது. 1824-இலேயே உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், நோய்க்காலத் தனிமைச் சட்டங்களை மாநிலங்களின் பங்கில் வைத்துப் பேசிவிட்டார். ஆனால் எல்லோரும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு 1905-இல் வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பெரியம்மை பரவியது. எல்லோரும் அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்று 1902-இல் நகரச் சுகாதார வாரியம் சொன்னது. ஹென்னிங் ஜேக்கப்சன் என்ற பாதிரியார் மறுத்தார். அபராதம் 5 டாலர். அந்த ஐந்து டாலருக்காக வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர் தோற்றார்.

தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹார்லன் இரண்டு விஷயங்கள் சொன்னார். கொள்ளைநோய் வரும்போது தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை சமூகத்துக்கு உண்டு; தனிமனித சுதந்திரம் அதற்கு வழிவிடத்தான் வேண்டும். இது ஒன்று. அந்த அதிகாரத்தை மனம்போன போக்கிலோ தேவைக்கு மீறியோ பயன்படுத்தினால் நீதிமன்றம் தலையிடும். இது இரண்டு. 2020-இல் ஆணையை ஆதரித்தவர்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டார்கள், எதிர்த்தவர்கள் இரண்டாம் பாதியை. இரண்டு தரப்பும் ஒரே தீர்ப்பைத்தான் கையில் வைத்திருந்தன.

அடுத்து பள்ளிக்கூடக் கிளை. 2005-இல் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ், 1918 இன்ஃப்ளூயன்சா பற்றி ஜான் பேரி எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு, அப்படி ஒன்று மறுபடி வந்தால் நம்மிடம் திட்டம் இருக்கிறதா என்று கேட்டார். அரசு ஆராயத் தொடங்கியது. அதே சமயம் நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்க்கி நகரில், சாண்டியா தேசிய ஆய்வகத்தில் வேலை பார்த்த ராபர்ட் கிளாஸின் 14 வயது மகள், பள்ளி அறிவியல் திட்டத்துக்காக ஒரு கணக்கை எடுத்துக்கொண்டிருந்தாள். பள்ளியில், வீட்டில், வெளியில், ஒரு பிள்ளை ஒரு நாளில் எத்தனை பேரோடு ஒட்டி உறவாடுகிறது? அப்பா அந்தக் கணக்கை ஆய்வகத்தின் கணினிக்குக் கொண்டுபோனார். பத்தாயிரம் பேர் கொண்ட ஒரு கற்பனை ஊரில் நோயைப் பரவவிட்டுப் பார்த்தார்கள். பள்ளிகளை மூடிச் சிறுவர்களையும் பதின்வயதினரையும் வீட்டில் வைத்தால், 1957 ஆசியக் காய்ச்சல் அளவுக்குத் தொற்றும் நோயின் தாக்கம் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. மகளின் பெயரும் சேர்ந்தே 2006-இல் ஆய்வுக் கட்டுரை வெளியானது.

1918-இன் பழைய ஏடுகளையும் அப்போது புரட்டினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 28 அன்று பிலடெல்பியா போர்க்கடன் பத்திர ஊர்வலத்தை நடத்தியது. தெருவில் கூட்டம் அலைமோதியது. செயின்ட் லூயிஸ் அக்டோபர் தொடக்கத்திலேயே பள்ளிகளையும் நாடகக் கொட்டகைகளையும் மூடியது. சாவுக் கணக்கில் பிலடெல்பியா பல மடங்கு முந்தியது. முந்திக்கொண்டு மூடு, பல வழிகளை ஒன்றாக அடை என்பது பாடமாயிற்று. 2007 பிப்ரவரியில் நோய்க் கட்டுப்பாட்டு மையம், சிடிசி, இதை வழிகாட்டுதலாகவே வெளியிட்டது.

எதிர்வாதமும் அப்போதே பிறந்துவிட்டது. உலகத்திலிருந்து பெரியம்மையை ஒழித்த இயக்கத்தின் தலைவர் டி.ஏ. ஹென்டர்சன். அவரும் மூன்று சகாக்களும் 2006-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பெருங்கூட்டத்தைத் தனிமைப்படுத்துவது பலன் தரும் என்பதற்கு வரலாற்றில் ஆதாரமில்லை, கெடுதலோ பெரிது என்றார்கள். அன்றாட வாழ்க்கை எவ்வளவு குறைவாகக் குலைகிறதோ, அவ்வளவு நன்றாக மக்கள் கொள்ளைநோயை எதிர்கொள்வார்கள் என்றார்கள். நோயை விரட்டியே வாழ்நாளைக் கழித்த மனிதரின் வாய்ச்சொல் இது. பதினான்கு ஆண்டு கழித்துத் தொலைக்காட்சிகளில் அனல் பறந்த விவாதம், அன்று அறிவியல் ஏட்டில் அமைதியாக நடந்து முடிந்திருந்தது.

இனி மாநிலங்களுக்கு வருவோம். 2020 மார்ச் 15-இல் அமெரிக்க ஆட்சிப்பகுதியான போர்ட்டோ ரிக்கோ முழுத்தீவையும் வீட்டுக்குள் அனுப்பியது. மாநிலம் முழுவதற்கும் முதலில் ஆணையிட்டது கலிபோர்னியா. எட்டு வாரத்தில் எங்கள் மக்களில் 56 சதவீதம் பேருக்குத் தொற்றலாம் என்று கவர்னர் கேவின் நியூசம் மார்ச் 18-இல் ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் ஆணை வந்தது. நான்கு கோடிப் பேர். விரிகுடா ஆணைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம்: அதில் ஏப்ரல் 7 என்று தேதி இருந்தது, இதில் ‘மறு அறிவிப்பு வரும் வரை’ என்றுதான் இருந்தது. அன்றைய பரபரப்பில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிள்ளைக்குப் பெயர் வைப்பதிலேயே சண்டை. விரிகுடாக்காரர்கள் ‘இருக்கும் இடத்திலேயே ஒதுங்கு’ என்ற பொருள்படும் தொடரைப் பயன்படுத்தினார்கள். நச்சுவாயு கசிந்தாலோ துப்பாக்கிக்காரன் புகுந்தாலோ சொல்வது அது. நியூயார்க் கவர்னர் ஆண்ட்ரூ குவோமோ அந்தச் சொல் மக்களைக் கலவரப்படுத்தும் என்று மறுத்தார். மார்ச் 20-இல் ஏறத்தாழ அதே கட்டுப்பாடுகளை ‘இடைநிறுத்தம்’ என்ற பெயரில் அறிவித்தார். விஸ்கான்சினில் அதற்கு ‘வீட்டில் இருப்பதே பத்திரம்’ என்று பெயர். டெக்சாஸ் கவர்னர் மாத இறுதியில் ஆணை போட்டுவிட்டு, இதை ‘வீட்டிலிரு’ ஆணை என்று சொல்லாதீர்கள் என்றார். மே மாத முடிவுக்குள் மாநிலங்களும் ஆட்சிப்பகுதிகளுமாகச் சேர்த்து 42 இடங்கள் கட்டாய ஆணை போட்டிருந்தன என்பது சிடிசியின் கணக்கு. தெற்கு டகோட்டா, அயோவா, நெப்ராஸ்கா போன்றவை கடைசிவரை மாநில ஆணை போடவில்லை. எங்கள் மக்களுக்குப் பொறுப்பு தெரியும் என்பது அவர்கள் வாதம்.

ஆணை வந்ததும், எது ‘அத்தியாவசியம்’ என்ற கேள்வி வந்தது. சான் பிரான்சிஸ்கோ கஞ்சாக் கடைகளை முதலில் அடைத்துவிட்டு, பிறகு அத்தியாவசியம் என்று திறக்கவிட்டது. துப்பாக்கிக் கடை அத்தியாவசியமா என்று பல மாநிலங்களில் வழக்கு நடந்தது. ஆனால் சூடு பிடித்தது மிச்சிகனில். ஏப்ரல் 9-இல் கவர்னர் கிரெட்சன் விட்மர் ஆணையை இறுக்கினார். பெரிய கடைகள் திறந்திருக்கலாம். அவற்றுக்குள்ளே செடி நாற்று, பெயின்ட், தரைவிரிப்பு, மேசை நாற்காலி விற்கும் பகுதிகளை மட்டும் தடுத்து அடைக்க வேண்டும். பனி விலகி, மண் தொட்டால் ஈரமாக இருக்கும் பருவம் அது. மளிகை வாங்கப் போனவர், பத்தடி தள்ளி நாற்றுகள் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தார். அரிசி வாங்கும் கை நாற்றையும் எடுத்தால் நோய் எப்படிக் கூடும் என்ற எளிய கேள்விக்குச் சரியான பதில் வரவில்லை. ஏப்ரல் 15-இல் தலைநகர் லான்சிங்கைக் கார்கள் சூழ்ந்துகொண்டன. 30-ஆம் தேதி துப்பாக்கி ஏந்தியவர்கள் சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளேயே நுழைந்தார்கள். அதற்கு நியாயம் கற்பிக்க முடியாது. ஆனால் கோபத்தில் ஒரு பங்கையாவது அந்தத் தடுப்புகள் ஊட்டி வளர்த்தன.

நீதிமன்றங்களும் விழித்துக்கொண்டன. விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் மே 13-இல், 4-க்கு 3 என்ற கணக்கில், மாநில ஆணையை ரத்து செய்தது. மீறினால் 30 நாள் சிறை, 250 டாலர் அபராதம் என்று எல்லோரையும் கட்டும் ஒன்று வெறும் ஆணை ஆகாது, அது விதி. விதி என்றால் அதற்கான நடைமுறை வழியாக வர வேண்டும், ஓர் அதிகாரி தனியாக எழுத முடியாது என்றது பெரும்பான்மை. அன்றிரவே மதுக்கூடங்கள் நிரம்பின. அக்டோபர் 2-இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம், கவர்னர் நம்பியிருந்த 1945-ஆம் ஆண்டுச் சட்டமே செல்லாது என்றது. இந்த இரண்டு தீர்ப்புகளும் நோய் இல்லை என்று சொல்லவில்லை, முகக்கவசம் வீண் என்றும் சொல்லவில்லை. அவை கேட்டது ஒன்றுதான்: இது யார் கையெழுத்து?

ஆணை பலன் தந்ததா? சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆஸ்டன் கூல்ஸ்பீயும் சாட் சைவர்சனும், பக்கத்துப் பக்கத்துக் கவுன்டிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆணை போட்ட ஊர், போடாத ஊர் இரண்டிலும் மக்கள் கடைக்குப் போவது சரிந்திருந்தது. மொத்தச் சரிவு சுமார் 60 சதவீதப் புள்ளி. ஆணைகளால் வந்தது அதில் 7 மட்டும். மீதி, பயத்தால் மக்களே எடுத்த முடிவு. இது இரண்டு தரப்பையும் இடறும் கணக்கு. ஆணைதான் பொருளாதாரத்தைக் கொன்றது என்பவருக்கும் இது உதவாது. ஆணைதான் மக்களை வீட்டில் உட்கார வைத்தது என்பவருக்கும் உதவாது.

எனக்குத் தோன்றுவது இதுதான். அதிகாரம் உண்டா என்ற கேள்விக்கு 1905-இலேயே பதில் வந்துவிட்டது. எந்த வழி பலன் தரும் என்று 2006-இலேயே அறிஞர்கள் சண்டை போட்டுவிட்டார்கள். எத்தனை நாளைக்கு, யாருடைய ஒப்புதலோடு என்பதை மட்டும் பல இடங்களில் முன்கூட்டித் தெளிவாக எழுதி வைக்கவில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு அதிகாரி ஆணையிடலாம். தீப்பிடித்த வீட்டில் வாக்கெடுப்பு நடத்த முடியாது. ஆனால் மூன்று மாதத்துக்கு நீட்டுகிறவர் சட்டமன்றத்தின் முன் வந்து நிற்கத்தான் வேண்டும்.

2021 மே 18-இல் பென்சில்வேனியா மக்கள் வாக்களித்துத் தங்கள் அரசியல் சாசனத்தையே திருத்தினார்கள். அதன்படி கவர்னர் அறிவிக்கும் நெருக்கடி நிலை 21 நாள் நிற்கும். அதற்கு மேல் ஒரு நாள் நீட்ட வேண்டுமென்றாலும் சட்டமன்றம் ஒப்ப வேண்டும். விரிகுடாவின் ஆறு அதிகாரிகள் முதல் ஆணைக்குக் கொடுத்த காலமும் மூன்று வாரம்தான்.