பகடியும் நாடக வரலாறும்: ‘சந்திரஹரி’ முதல் ‘கிந்தனார்’ வரை

முன்னுரை

பழைய கலைவடிவம் ஒன்றை அதன்பால் கொண்ட அன்பு குறையாமலே நகைப்புக்கு உள்ளாக்கும் படைப்பினைப் பகடி எனலாம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை தோன்றும் களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினைக் குறிக்கிறது. இவற்றுள் எள்ளல் என்பது பிறரை எள்ளி நகுதலும், பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதலும் என இருவகைப்படும் என்பது பேராசிரியர் உரையால் விளங்கும். நாடகக் கலைஞரே நாடகத்தைப் பகடி செய்யுங்கால் இவ்விருவகையும் ஒன்றாகிவிடுகின்றன. அங்கு எள்ளுபவரும் எள்ளப்படுபவரும் ஒருவரே. தமிழ் நாடக வரலாற்றில் இத்தகைய பகடிகள் வெறும் பொழுதுபோக்காகவே கருதப்பட்டு வந்துள்ளன. அவை மறைந்துபோன மேடை மரபுக்குச் சான்றாதாரங்களாகவும் அமைவதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மூலமேடையும் அதன் எல்லைகளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தமிழ் நாடகம் பெரிதும் இசை நாடகமாகவே விளங்கியது. சங்கரதாச சுவாமிகள் (1867–1922) நெறிப்படுத்திய மேடையில் இராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் எனப் பாத்திர வகைகள் வரையறுக்கப்பட்டிருந்தன. ஆர்மோனியப் பின்னணியில் பாட்டும் தர்க்கமுமாக நாடகம் இரவு முழுவதும் நடந்தது. கதை முன்னரே அறிந்த ஒன்றாதலின், அது எவ்வாறு பாடப்படுகிறது என்பதிலேயே அவையோரின் கவனம் நின்றது.

இம்மேடை மொழி எல்லைக்குள் அடங்கியதன்று. தர்மவரம் கிருஷ்ணமாச்சாரியாரின் பெல்லாரிக் குழுவினர் 1891-இல் சென்னையில் நடத்திய தெலுங்கு நாடகங்களைக் கண்டு ஊக்கம் பெற்றே பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) அதே ஆண்டில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் சித்தூர்ப் பகுதியிலும் இத்தகைய சபை மரபு வேரூன்றியிருந்தது. ரேபல்லையில் பிறந்த நாகையா, சித்தூர் இராமவிலாச சபையின் நாடகங்களில் நடித்துப் பெற்ற புகழே ‘சித்தூர் நாகையா’ என்னும் பெயரை அவருக்கு நிலைக்கச் செய்தது. பின்னர் அவர் ‘அசோக்குமார்’ (1941), ‘மீரா’ (1945) முதலிய தமிழ்த் திரைப்படங்களிலும் நடித்தார். அரிச்சந்திரன், சாரங்கதரன் ஆகியோர் கதைகள் இரு மொழி மேடைகளுக்கும் பொதுச்சொத்தாக இருந்தன. பகடி தோன்றுவதற்குரிய முதல் தேவை இவ்வாறு எல்லோரும் அறிந்த ஒரு மூலமேயாகும்.

‘சந்திரஹரி’: தலைகீழாக்கப்பட்ட மூலம்

சம்பந்த முதலியார் அரிச்சந்திரன் கதையை உரிய அவலச் சுவையோடு நாடகமாக எழுதியவர். அவரே ‘சந்திரஹரி’ என்னும் நகைச்சுவை நாடகத்தையும் இயற்றினார். மூலக் கதைத்தலைவனின் பெயர் முன்பின்னாக மாற்றப்பட்டது போலவே அவன் பண்பும் மாற்றப்பட்டது. வாய்மைக்காக அனைத்தையும் இழப்பவன் அரிச்சந்திரன். பொய்யையே விரதமாகக் காப்பவன் சந்திரஹரி. இந்நாடகம் என். எஸ். கிருஷ்ணன் நடிக்க 1941-இல் திரைப்படமாகவும் வெளிவந்தது.

இங்கு எள்ளப்படுவது வாய்மை என்னும் அறமன்று. அவ்வறத்தை மேடை காட்டிவந்த வாய்பாடே எள்ளலுக்கு உள்ளாகிறது. நாட்டை இழத்தல், மனைவியை விற்றல், மயானம் காத்தல் எனப் படிப்படியாக ஏறும் துன்பங்களைப் பலமுறை கண்டு கண்ணீர் சிந்திய அவையினரே அதன் தலைகீழ் வடிவத்தைக் கண்டு நகைக்க முடியும். மூலத்தையும் பகடியையும் ஒருவரே எழுதினார் என்பது பகைமையால் எழுந்ததன்று இந்நகை என்பதற்குத் தக்க சான்றாகும்.

மேடையைக் கண்டு நகைத்த மேடை

சம்பந்த முதலியாரின் எள்ளல் கதையோடு நிற்கவில்லை. கலைத்தொழிலையும் பொருளாகக் கொண்டது. அவருடைய சபாபதி வரிசையில் ‘ஓர் ஒத்திகை’ என ஒரு பாகம் உண்டு. ‘சபாபதி முதலியாரும் பேசும் படமும்’ என்பது அவ்வரிசையைச் சார்ந்த மற்றொரு நாடகம். மேடை ஒத்திகையும் புதிதாக வந்த பேசும்படமும் நகைச்சுவைக்குரிய பொருளாயின என்பதை இத்தலைப்புகளே உணர்த்தும். ‘சதி சுலோசனா’ (1934) படத்தை இயக்கியவர் அவர் என்பதால் பேசும்பட உலகையும் அவர் உள்ளிருந்தே அறிந்திருந்தார்.

இப்பின்னணியில் தொடக்ககாலத் தமிழ்ப் படங்களின் இயல்பும் நினைக்கத்தக்கது. மேடையில் வெற்றி பெற்ற ‘பவளக்கொடி’ 1934-இல் ஏறத்தாழ 50 பாடல்களுடன் படமாயிற்று. அன்றைய திரை பெரும்பாலும் மேடையின் நிழலாகவே இருந்தமையால், ஒன்றைப் பகடி செய்வது மற்றொன்றையும் தொடுவதாயிற்று.

‘கிந்தனார்’: வடிவம் காத்துப் பொருள் மாற்றல்

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் சரித்திரம் கதாகாலட்சேபமாகவும் நாடகமாகவும் திரைப்படமாகவும் பரவியது. அதனை மூலமாகக் கொண்டு என். எஸ். கிருஷ்ணன் நிகழ்த்திய ‘கிந்தனார்’ காலட்சேபம் ‘நல்லதம்பி’ (1949) திரைப்படத்தில் இடம்பெற்றது. நந்தனாரின் வேட்கை சிதம்பர தரிசனம். கிந்தனாரின் வேட்கை கல்வி. பாகவதரின் தோரணை, பாட்டுக்கிடையே விளக்கம் கூறும் முறை, பின்பாட்டு ஆகியன மூல வடிவை ஒட்டியே அமைந்தன. வடிவத்தின் மீதுள்ள பற்றும் பொருளின் மீதுள்ள திருத்த நோக்கும் இங்கு இணைகின்றன. பழைய வடிவத்தை அழிக்காமல் அதன்வழியே சமூகக் கருத்தைச் சொல்ல இயலும் என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

ஓர் ஒப்பீடு

இப்போக்கு தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1930-களில் அமெரிக்காவில் பெரும் ஆடற்குழுக்களோடு எடுக்கப்பட்ட, நாடக அரங்கின் பின்புலத்தைக் கதையாகக் கொண்ட இசைப்படங்களை ‘டேம்ஸ் அட் சீ’ என்னும் இசை நாடகம் பகடி செய்தது. 1966-இல் நியூயார்க்கில் ஒரு சிற்றரங்கில் தோன்றிய இந்நாடகம் 2015-இல் பிராட்வே அரங்கை எய்தியது. நூற்றுக்கணக்கானோர் ஆடிய காட்சிகளை ஆறே நடிகர்கள் நினைவூட்டுவதில்தான் அதன் நகை பிறக்கிறது. ‘சந்திரஹரி’யைப் போலவே இதுவும் மூலத்தை அறிந்தோர்க்கே முழுமையாகச் சுவைக்கும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் இரு கருத்துகள் புலனாகின்றன. பகடி செய்பவர் மூலத்தின் எப்பகுதியை மிகைப்படுத்துகிறாரோ அப்பகுதியே அன்றைய அவையினர் மனத்தில் ஆழப் பதிந்திருந்தது என்பது ஒன்று. அச்சேறிய நாடக நூல் உரையாடலையும் பாடலையும் காக்கும். மேடையின் தோரணையையும் வழக்கங்களையும் பகடியே காக்கும். ஆகவே பகடியும் ஒரு வரலாற்று ஆவணமாகிறது.

மூலம் மறக்கப்படுமாயின் பகடியும் பொருளிழக்கும் என்பது மற்றொன்று. விடிய விடிய அரிச்சந்திர நாடகம் கண்டறியாத தலைமுறைக்குச் ‘சந்திரஹரி’ ஒரு பொய்யனின் கதையாக மட்டுமே எஞ்சும். எனவே பாடத்திட்டத்திலும் பதிப்பிலும் பகடியை அதன் மூலத்தோடு இணைத்தே வைத்தல் வேண்டும். சித்தூர் போன்ற இருமொழி எல்லைப் பகுதிகளின் சபை மரபுகளையும் இந்நோக்கில் ஆராய்ந்தால், ஒரே கதைக்கு அழுதும் நகைத்தும் பழகிய அவையினரின் வரலாறு மேலும் தெளிவுறும்.