பாலாறும் தரவு மையங்களும்

செயற்கை நுண்ணறிவுக்கும் தண்ணீர் வேண்டுமாம் என்றால் லாங் பஜாரில் சிரிப்பார்கள். தோலின் கணக்கு நமக்குப் புதிதல்ல: ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர். ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டதையும் குறிப்பிட்டு, மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

செயற்கை நுண்ணறிவை இயக்கும் தரவு மையங்களில் கணினிகள் இரவு பகலாகச் சூடாகின்றன. பல மையங்களில் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறார்கள். 2024-ல் உலக மின்சாரத்தில் சுமார் 1.5 சதவீதம் தரவு மையங்களுக்கே போனது என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. சென்னையை அடுத்த சிறுசேரியிலும் இத்தகைய மையங்கள் உண்டு.

தோல் கழிவு கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியும், இது தெரியாது. எந்த ஊர்த் தண்ணீர், எவ்வளவு என்பதை அனுமதி தருமுன்பே கேட்க வேண்டும். பாலாற்றில் அந்தக் கேள்வி கிணறுகள் கெட்ட பிறகுதான் நீதிமன்றம் ஏறியது.