“பொம்பளப் பிள்ள மாதிரி ஓடாதடா!” – ரக்பி திடலில் ஒரு வரலாற்றுப் பாடம்

மார்சிலிங்கில், வீவக புளோக்குகளுக்கு இடையே உள்ள ஒரு திடல். மாலை நேரம். உயர்நிலைப் பள்ளிப் பையன்கள் ரக்பி விளையாடிக்கொண்டிருந்தார்கள். பந்தைத் தவறவிட்டவனைப் பார்த்து ஒருவன் கத்தினான்: “டேய், பொம்பளப் பிள்ள மாதிரி ஓடாதடா!” எல்லாரும் சிரித்தார்கள். ஓரமாக நின்ற இரண்டு மாணவிகள் மட்டும் சிரிக்கவில்லை. ஆசிரியராகிய நானும் சும்மாதான் நின்றேன்.

ஆசிரியர்களே, இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது?

ரக்பி, 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆண்கள் பள்ளிகளில் வளர்ந்த ஆட்டம். பிரிட்டிஷ் அதிகாரிகளும் படைவீரர்களும் அதைப் பாடாங் வரை கொண்டுவந்தார்கள். பள்ளி, பாசறை, கிளப் மூன்றுமே ஆண்களின் இடம். ஆட்டம் முடிந்ததும் குடி, பெண்களைப் பற்றிய கொச்சைப் பாட்டு, புதிதாகச் சேர்ந்தவரைப் படுத்தி எடுக்கும் சடங்கு எனப் பல கிளப்களில் ஒரு பழக்கம் வேரூன்றியது. ரக்பி யூனியனில் 1995 வரை ஆட்டக்காரருக்குச் சம்பளம் கிடையாது, நட்புதான் சம்பளம். அதனால் நண்பனைத் தட்டிக் கேட்பதே துரோகம் போலத் தெரிந்தது.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. 1991இல் நான்கு பெண்கள் முன்னின்று வேல்ஸில் முதல் மகளிர் உலகக் கிண்ணத்தை நடத்தினார்கள். அனைத்துலக ரக்பி வாரியம் அன்று அதற்கு அங்கீகாரம் தரவில்லை. ஆனாலும் 12 அணிகள் வந்தன. இறுதியாட்டத்தில் அமெரிக்கா 19-6 என்று இங்கிலாந்தை வென்றது.

அதோடு எல்லாம் மாறிவிட்டதா? இல்லை. 2014இல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ரக்பி கிளப், புதிய மாணவர்களிடம் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்தது. அதில் விளையாடும் பெண்களை இழிவுபடுத்தும் வரிகள் இருந்தன. “சும்மா தமாஷ்” என்று யாரும் விட்டுவிடவில்லை. மாணவர் சங்கம் அந்தக் கல்வியாண்டு முழுவதற்கும் கிளப்பையே கலைத்தது. தவறு எழுதியவரோடு முடிவதில்லை, கூட நின்று சிரித்தவருக்கும் பங்கு உண்டு என்பதே அதன் பாடம்.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்று. இந்திய மகளிர் அணி தன் முதல் 15 பேர் ஆட்டங்களை 2018இல் நம் சிங்கப்பூரில்தான் ஆடியது. நம் அணியிடம் தோற்றது. அடுத்த ஆண்டு மணிலாவில் அதே சிங்கப்பூரை 21-19 என்று வென்றது. கடைசி நிமிடங்களில் வெற்றிப் புள்ளிகளை உதைத்துத் தந்தவர் ஒடிசாவின் சுமித்ரா நாயக். பொம்பளப் பிள்ள மாதிரி ஓடுவது என்றால் இதுதான்!

வகுப்பில் இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். கிண்டல் எந்த இடத்தில் அவமதிப்பாக மாறுகிறது? சிரிக்காமல் நிற்பது மட்டும் போதுமா, இல்லை வாய் திறக்க வேண்டுமா?

இரண்டாவது கேள்விக்கு, அந்த மாலைக்குப் பிறகு, என்னிடம் பதில் இருக்கிறது.